வேப்பிலையும் ஐந்தாம் வார்த்தையும்

விடுப்பு விதிகளில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைப் பரப்பியவன் நான்தான். எந்த நோய்க்கு எத்தனை நாள், யாருடைய கையெழுத்து, அதன் கீழே முத்திரை வட்டமா நீள்சதுரமா என்பதுவரை சொல்வேன். வீட்டில் யாருக்காவது தொற்றுநோய் வந்தால், அதை அலுவலகத்துக்குக் கொண்டுவராமல் இருக்க ஊழியருக்குத் தனியாக ஒரு விடுப்பு உண்டு. நோய் அந்த ஊழியருக்கே வந்துவிட்டால் அது கிடையாது. சாதாரண மருத்துவ விடுப்புதான். இந்த நுட்பத்தைப் பலருக்கு விளக்கி, அவர்கள் முகம் விழுவதைப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை காலை, சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றேன். நெற்றியில் மூன்று, தாடையில் இரண்டு, கழுத்துக்குக் கீழே எண்ண முடியாத அளவு நீர்க்கொப்புளங்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், என் முதல் சிந்தனை மருத்துவ விடுப்பில் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்பதுதான்.

இரண்டாவது சிந்தனை சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவிக்கு எட்டு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எல்லா டாக்டர்களையும் எல்லா ஜெபக்கூட்டங்களையும் பார்த்த பிறகு உண்டான பிள்ளை. குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன்.

“ஏங்க, தோசை ஆறுது.”

“நீ அங்கேயே நில்லு. இந்தப் பக்கம் வராதே.”

“என்னாச்சு?”

“அம்மை மாதிரி இருக்கு.”

தோசை தீயும் வாசனைதான் வந்தது.

“உனக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?” என்று கதவுக்குள்ளிருந்து கேட்டேன்.

“இல்லையே. எங்க வீட்டுல யாருக்குமே வந்ததில்லை. அப்பா பெருமையாச் சொல்லுவாரே, நம்ம வீட்டுக்குள்ள அது வராதுன்னு.”

என் மாமனார் பட்டாபிராமில் ராணுவக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே சபையிலும் மூப்பர். எது வரலாம், எது வரக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் அது வராது என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் ஓரளவுக்கு நம்பினேன்.

பிரசவத்துக்காக அடுத்த சனிக்கிழமை பட்டாபிராம் போக இருந்தவள், அரை மணி நேரத்தில் கிளம்பினாள். துணைக்குப் போனது கீழ்வீட்டு அக்கா. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பில் எங்களுடையது முதல் மாடி. அதற்கு நேர் கீழே அவர்கள். அக்காவின் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். வாரியம் நிலத்தை எடுப்பதற்கு முன் அவர்கள் குடும்பம் இதே இடத்தில் வயல் வேலை செய்தது. “நீங்க கட்டில் போட்டுகினு கீற எடத்துலதான் சாரு நா நாத்து நட்டேன்” என்று சொல்வார். முதல் மாடி என்பதால் பத்தடி கீழே என்று திருத்தத் தோன்றும். திருத்தியதில்லை.

முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால்கனியிலிருந்து பார்த்தேன். ஆட்டோவில் ஏறும் முன் மனைவி நிமிர்ந்து, “கஞ்சி யாரு வெப்பா உங்களுக்கு?” என்றாள்.

“அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கு.”

ஒரு ஏற்பாடும் இல்லை. அவளுக்கும் தெரியும். வயிற்றைப் பிடித்தபடி ஏறிக்கொண்டாள். நாங்கள் ஒருவரையொருவர் தொடாமல் விடைபெற்றது அதுதான் முதல் தடவை.

அன்று மதியமே பாடியில் எங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறுவது நியாயமில்லை. அவர் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுல யாரு இருக்காங்க?”

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவங்களுக்கு முன்னாடி வந்திருந்தா கவலையே வேண்டாம். ஒரு தடவை வந்தவங்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது.”

“வந்ததில்லை, டாக்டர்.”

“அப்போ இன்னியிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணுங்க. அதுக்குள்ள வரலைன்னா தப்பிச்சாங்க. பிரசவ சமயத்துல வந்தா குழந்தைக்கு நல்லதில்லை.”

நல்லதில்லை என்றால் எவ்வளவு என்று கேட்கும் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் இருபத்தொரு தாள்களை எண்ணி, இருபத்தொன்றாவதின் முனையை மடித்துவைத்தேன். கிழிக்க வேண்டியது நிறைய இருந்தது. இந்தக் கணக்கை மனைவிக்கு எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தேன். அவள் பயப்பட்டு என்ன ஆகப்போகிறது.

மாலையில் அக்கா பட்டாபிராமிலிருந்து திரும்பி நேராக மாடிக்கு வந்தார். கை நிறைய வேப்பிலை. டாக்டர் சொன்னதை அவரிடம் மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நிலைக்கு மேலே ஆணியில் ஒரு கொத்தைக் கட்டினார்.

“அக்கா, அதெல்லாம் வேண்டாம். நாங்க கிறிஸ்தவங்க. நான் சபைக் கமிட்டியில செயலாளர்.”

“உன்ன யாரு கேட்டா? நா தாயி கைல பேசிகினு கீறேன். நீ வாய மூடிகினு குந்து.”

அதுவரை என்னை ‘நீங்க’ என்று அழைத்தவர். தெய்வமாகப் பதவி உயர்வு கிடைத்த அன்றே மரியாதை போய்விட்டது.

“உங்களுக்கு ஒட்டிக்குமே?”

“எனுக்கு சின்னதுலயே வந்து பூட்டா. ஒரு தபா பாத்த மூஞ்ச அவ திரும்பிப் பாக்கமாட்டா.”

டாக்டரும் இதைத்தான் சொன்னார். அவர் காசு வாங்கினார்.

அடுத்த நாள் முதல் அக்காவின் நிர்வாகம். மிளகாய் கிடையாது. எண்ணெய் கிடையாது. என் வீட்டில் மட்டுமல்ல, அவர் வீட்டு அடுப்பிலும் தாளிப்பு கிடையாது. அவர் கணவர் இரண்டு வாரம் கடுகு வெடிக்காத குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துப்போனார். சவரமும் சீப்பும் கூடாது. அரித்தால் நகம் படக்கூடாது, வேப்பிலையால் வருட வேண்டும். வீட்டிலிருந்து யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. என்னிடம் யாரும் கோபமாகப் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர்கள் “போய்ட்டு வரேன்” என்று சொல்லக்கூடாது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். முதல் இரண்டு நாள், பாதி வாக்கியத்தில் அக்கா மறைந்துவிடுவார், நான் சுவரிடம் முடித்துக்கொண்டிருப்பேன்.

“இதெல்லாம் எதுல எழுதியிருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எழ்தி வேற வைக்கணுமா? மறந்து போறவங்கதான் எழ்தி வைப்பாங்க. கஞ்சிய குடி தாயே.”

என் பணிக்காலம் முழுவதும் விதிகளில் ஓட்டை கண்டுபிடித்துப் பழகியவன் நான். இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக்கும் வழியில்லை, மேல்முறையீடு கேட்க வேண்டியவளே என்மேல் இறங்கியிருந்தாள்.

அக்கா வந்துபோகும் மூன்று வேளையைத் தவிர, நாள் நீளமாக இருந்தது. அந்தக் குடியிருப்பில் அப்போது பாதி வீடுகளுக்கு ஆள் வரவில்லை. வந்தவர்களும் எங்கள் பக்கத்துப் படியை விட்டுவிட்டு அடுத்த படியில் ஏறி, மொட்டைமாடி வழியாகச் சுற்றி இறங்கினார்கள். பால் பாக்கெட் முதல் படியோடு நின்றது. மதியம் பெரிய சாலையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்கும். எத்தனை பஸ் என்று எண்ணுவேன். வெள்ளை வேட்டியின்மேல் வேப்பிலை பரப்பி அதன்மேல் கிடந்தேன். உடம்பில் அரிக்காத இடம் உள்ளங்கால் மட்டும். ஐந்தாம் நாள் அதுவும் சேர்ந்துகொண்டது.

ஜெபம் செய்ய முயன்றேன். கமிட்டிச் செயலாளராக எத்தனையோ கூட்டங்களை ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடித்தவன். தனியாகக் கண்ணை மூடினால் மனுதான் வந்தது. பொருள்: தயவு கோருதல். பார்வை: ஆறு வருடங்களாக இதே பொருளில் அனுப்பிய விண்ணப்பங்கள். மேற்படி பொருளில் தங்கள் மேலான கவனத்துக்கு. அதற்குமேல் ஓடவில்லை. மேலே அதைப் பிரித்துப் படிப்பவர் முகத்தை நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. படுத்த பிறகு வந்த முதல் சிரிப்பு அது.

மனைவி தினமும் ஒரு அஞ்சலட்டை போட்டாள். பட்டாபிராமிலிருந்து முகப்பேர் வர இரண்டு நாள் ஆனது. நலம் என்று எழுதியிருந்தால், இரண்டு நாளைக்கு முன் நலம் என்று அர்த்தம். என் பதில்களைக் கொடியில் கிளிப் போட்டு ஒரு முழுப்பகல் வெயிலில் காயவைத்த பிறகுதான் அக்காவிடம் கொடுத்தேன். எந்தக் கையேட்டிலும் இல்லாத நடைமுறை, நானே பிறப்பித்துக்கொண்டது. வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாதே என்று அக்காவுக்குத் தயக்கம். பிறகு, “பொண்டாட்டிக்கு எழ்தறது ஊட்டுக்குள்ள குடுக்குற மாதிரிதான்” என்று அவரே ஒரு விலக்கு அளித்தார். விலக்கு அளிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

எட்டாம் நாள், பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை, எங்கள் சபைப் போதகர் வந்தார். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசுவது வழக்கம். எனக்கு அந்த வருஷம் ஐந்தாம் வார்த்தை, தாகத்தைப் பற்றியது. பேச்சை நான் ஒரு மாதம் முன்பே எழுதி முடித்து, பக்க எண்ணும் போட்டுவைத்திருந்தேன். எனக்குப் பதிலாகத் தானே பேசப்போவதாகவும் அதற்கு அந்தத் தாள்கள் வேண்டும் என்றும் கீழே தெருவில் நின்று சொன்னார். ஆனால் என் கைபட்ட தாளை வாங்கமாட்டார். வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

“நீங்க படிங்க தம்பி, நான் எழுதிக்கிறேன்.”

ஆக, நான் முகத்தில் துண்டோடு பால்கனியில் நின்று உரக்கப் படித்தேன். அவர் ஸ்கூட்டர் சீட்டில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதினார். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த அக்கா, குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தாகத்தின் மூன்று வகைகளை நான் விளக்கி முடித்து, நாலாவது பக்கத்தைப் புரட்டும்போது அக்கா குறுக்கிட்டார்.

“அதெல்லாம் சரி. தாகம்னு கேட்டாரே, ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்களா இல்லியா?”

நான் போதகரைப் பார்த்தேன். போதகர் என்னைப் பார்த்தார்.

“காடியைக் கடற்பஞ்சுல தோய்ச்சுக் குடுத்தாங்கம்மா” என்றார் போதகர்.

“காடின்னா?”

“புளிச்சது.”

“சாவப் போறவருக்கா?” அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். “கூட நின்ன பொம்பளைங்கள வுட்டிருந்தா குடுத்திருப்பாங்க.”

போதகர் நோட்டில் எதையோ எழுதினார். நான் படித்ததை அல்ல. எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் என் வாசல் நிலை அவர் கண்ணில் பட்டது. எங்கள் வாசல் படிக்கட்டுப் பக்கம் திறந்திருக்கும். தெருவிலிருந்து நன்றாகத் தெரியும்.

“அது என்ன தம்பி, மேல கட்டியிருக்கு?”

“கொசுவுக்கு, ஐயா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயில் தயாராக இருந்தது.

“கொசுவுக்கா?” என்றார் அக்கா. “நல்லா சொன்ன. ஆத்தா கேட்டுகினு கீறா, தெரிஞ்சிக்க.”

போதகர் தெருவிலேயே நின்று மாடியை நோக்கிக் கை நீட்டி எனக்காக ஜெபித்தார். அக்காவும் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கைகூப்பினார். ஜெபம் முடிந்ததும், என் நோயின் விதி தெரியாத போதகர், “போயிட்டு வரேன் தம்பி” என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று மதியம் அக்கா ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தார். “குடி. கேக்காமயே குடி” என்று சொல்லிவிட்டு, விதிப்படி சொல்லாமல் போனார்.

செவ்வாயன்று முதல் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். கொப்புளங்கள் வாடத் தொடங்கின. எனக்குத் தெம்பு வந்தது. ஒன்பது தாள் கிழித்தாகிவிட்டது. வியாழக்கிழமை அஞ்சலட்டை வந்தது.

‘நேற்றிலிருந்து உடம்பு லேசாகச் சுடுகிறது. முதுகில் பொரிப்பொரியாக இருக்கிறது. அம்மா வேர்க்குரு என்கிறாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். பிள்ளை நன்றாக உதைக்கிறது.’

எழுதிய தேதியைப் பார்த்தேன். செவ்வாய். பொரி வந்தது திங்கள். அவள் என்னைவிட்டுப் போன எட்டாம் நாள். டாக்டர் நாள் கணக்கைத்தான் சொன்னாரே தவிர, எத்தனையாவது நாளில் தொடங்கும் என்று நான் கேட்டிருக்கவில்லை. எனக்கு எப்போது ஒட்டியிருந்ததோ, அவளுக்கு எப்போது ஒட்டியதோ. வேட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அக்கா கீழே வழிமறித்தார்.

“எங்க?”

“பட்டாபிராம்.”

“இந்தப் பொக்கோட ரயில்ல ஏறுவியா? ரயில்ல புள்ளத்தாச்சிங்க இல்லியா? உன் பொண்டாட்டி மட்டுந்தான் புள்ளத்தாச்சியா?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் இறங்கியது.

“மேல போ. நாளைக்கு வெள்ளிக்கெயம. ரெண்டாந்தண்ணி ஊத்திகினு குந்திரு. நா போய் பாக்குறேன்.”

பெரிய வெள்ளியன்று காலை அவர் தண்ணீரைக் கலந்துவைத்துவிட்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு. கோயிலில் ஆராதனை தொடங்கியிருக்கும். வெள்ளை உடுப்பில் எல்லோரும் வந்திருப்பார்கள். பட்டாபிராமில் என் மாமனார் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு கையில் அஞ்சலட்டையும் மறு கையில் வேப்பங்கொத்துமாக மூன்று மணி நேரம் தரையில் இருந்தேன். மனு எழுத முயலவில்லை. ஐந்தாம் வார்த்தைக்கு என்று நான் எழுதிய எட்டுப் பக்கமும் பக்கத்தில்தான் கிடந்தது. தாகத்தின் மூன்று வகைகள். அதில் ஒரு வகைகூட இதுவல்ல. “பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னேன். சற்றுக் கழித்து மறுபடி சொன்னேன். யாரிடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையிலிருந்த கொத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

நாலு மணிக்கு அக்கா படியேறும் சத்தம் கேட்டது.

“இன்னா சாரு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? அதுக்கு ஒண்ணும் இல்ல. வெறும் வேர்க்குரு. ஜொரமும் இல்ல. காத்தில்லாத ரூம்புல படுக்க வச்சிகீறாங்க, வேர்க்காம இன்னா பண்ணும்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“முதுக தொட்டே பாத்தேன்.”

“சரி. இன்னிக்கு வேர்க்குரு. இன்னும் ஒம்பது நாள் இருக்கே அக்கா.”

“ஒம்பது நாளும் இல்ல, ஒம்பது வருசமும் இல்ல. அதுக்கு எப்பவோ வந்து பூட்ச்சி.”

புரியாமல் பார்த்தேன். அக்கா கால் நீட்டி உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

“தலைய வாரி வுடலாம்னு ஒக்காந்தேன். காதுக்குப் பின்னால, முடிக்குள்ள, ஒரு குழி. பயறு அளவு. ஆறு வருசம் குடும்பம் பண்ணிகீற, பாத்ததில்ல நீ?”

பார்த்ததில்லை.

“உன் மாமியா கைல கேட்டேன், இன்னாம்மா இதுன்னு. சின்னப்புள்ளைல வேர்க்குருன்னுச்சு. வேர்க்குரு குழி தோண்டுமா, நா இன்னா நேத்து பொறந்தவளான்னேன். அப்டியே கைய புட்ச்சி சமையக்கட்டுக்கு இஸ்துகினு பூட்ச்சி. உன் மாமனாரு சர்ச்சுக்குப் போயிகீறாரு, ஊட்ல இல்ல. இருந்தாலும் கதவ சாத்திட்டுதான் சொல்லிச்சு.”

விஷயம் இதுதான். என் மனைவிக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருக்கிறது. மாமனார் அப்போதுதான் மூப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். நம் வீட்டில் அந்தப் பெயரையே எடுக்கக்கூடாது, இது வேர்க்குரு என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் வேர்க்குரு என்றே கடிதம் எழுதினார். குழந்தைக்கும் அப்படியே சொல்லி வளர்த்தார்கள். அவர் வேலைக்குப் போனதும் மாமியார் பாய்க்கு அடியில் வேப்பிலையை வைப்பாராம். சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்டதும் எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாராம். மூன்று தண்ணீரும் பகலில், கிணற்றடியில். இருபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

“வேர்க்குருவுக்கு எத்தனை நாள் லீவு எழுதினாராம்?” என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பதினஞ்சி.”

“எந்தப் பள்ளிக்கூடமும் அதுக்குப் பதினஞ்சு நாள் தராது.”

“குடுத்துச்சே.”

“அத்தை ஏன் எனக்கு ஒரு வரி எழுதலை?”

“நீ பயந்துகினு கீறேன்னு நீ எழ்தினியா? அது பொண்ணுக்கு ஒண்ணும் வராதுன்னு அதுக்குத் தெரியும். நிம்மதியா குந்திகினு கீது. நீ இங்க நாள் எண்ணிகினு கீறன்னு நா சொல்லித்தான் தெரியும். அப்பால அழுதுச்சு பாரு.”

நான் பயத்தை மறைத்தேன். மாமியார் நிம்மதியை மறைத்தார். இரண்டுக்கும் நடுவில் தபால் இலாகா தினமும் அஞ்சலட்டை சுமந்தது.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. “எழுதி வாங்கினீங்களா?” என்றேன்.

“உன்ன எனுக்குத் தெரியாதா?” என்று சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். மாமியாரின் குண்டுக் கையெழுத்து.

‘என் மகளுக்கு ஏழாம் வயதில் அம்மை போட்டது. மூன்று தண்ணீர் ஊற்றினேன். இது உண்மை. இதை மாமாவுக்குக் காட்ட வேண்டாம்.’

தேதி இல்லை, முத்திரை இல்லை, சாட்சி இல்லை. நான் அதுவரை சரிபார்த்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் ஒன்றுகூட இவ்வளவு முழுமையாக இருந்ததில்லை. கடைசி வரியை இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் நிறுத்த முடியவில்லை.

“சிரிக்காத, பொக்கு பேத்துகினு வரும்” என்று அதட்டினார் அக்கா. தெய்வத்தை அதட்டக்கூடாது என்ற விதியை அவர் மறுபடியும் மீறினார். பிறகு அவரும் சிரித்தார்.

ஈஸ்டர் ஞாயிறு விடியலில் மூன்றாம் தண்ணீர். தேதியை நான் கேட்டு வாங்கவில்லை. அக்காவின் கணக்கில் அப்படி வந்தது. வேப்பங்கொத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முதல்முறையாக வாசலில் நின்று, “வரேன் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார். நான் மறுபடி மனிதனாகிவிட்டேன் என்பது அதிலிருந்து தெரிந்தது.

மதியம் போதகர் வந்தார். இந்தத் தடவை படியேறியே வந்தார், வாசலோடு நின்றுகொண்டார். ஐந்தாம் வார்த்தைக்கு என் எட்டுப் பக்கத்தைத் தொடவில்லை, முகப்பேரில் ஒரு அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன், கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க அழுதது என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பக்க எண்ணெல்லாம் போட்டிருந்தேன்.

“ஐயா, அன்னிக்கு வாசல்ல இருந்தது கொசுவுக்கு இல்லை.”

“தெரியும் தம்பி” என்றார். “எங்க அம்மாவும் கொசுவுக்குத்தான் கட்டுவாங்க.”

மாமியார் எழுதிய தாளை டாக்டரிடமும் காட்டினேன். படித்துவிட்டு, “இது போதும், எண்ணுறதை நிறுத்துங்க” என்றார். ஆனாலும் வீட்டுக்கு வந்து இருபத்தொன்றாவது தாள்வரை கிழித்துத்தான் நிறுத்தினேன். தொடங்கிய கோப்பை முடிக்காமல் வைத்துப் பழக்கமில்லை.

முனை மடித்த தாளைக் கிழித்த நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்ததும் அடுத்த ரயிலில் போனேன். பொக்கு உதிர்ந்து முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. கூடத்தில் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“வாங்க மாப்பிள்ளை. வேர்க்குரு எல்லாம் ஆறிடுச்சா?”

சமையற்கட்டு வாசலில் மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார்.

“ஆறிடுச்சு மாமா” என்றேன். “இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி.”

“ஆமா” என்றார் அவர். “ரொம்ப ஜாஸ்தி.” அவர் கண்ணில் ஏதோ ஓடியது போலத் தோன்றியது. இருபது வருஷத்துக்கு முன் பாய்க்கு அடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சைக்கிள் மணியை அவர் தெருமுனையிலேயே அடிக்கத் தொடங்கிவிடுவார்.

உள்ளே மனைவி படுத்திருந்தாள். என் முகத்தைத் தொட்டு, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். நான் அவள் காதுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினேன். இருந்தது, பயறு அளவு. “என்ன தேடுறீங்க?” என்றாள். “அப்புறம் சொல்றேன்” என்றேன்.

குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கியபோது கீழே விரித்திருந்த துணி நழுவியது. அடியில் ஒரு வேப்பிலை ஈர்க்கு, அன்று காலை பறித்தது. கூடத்தில் மாமனார் இருமினார். துணியை இழுத்து மூடி, ஓரங்களைச் சரிசெய்துவிட்டு, குழந்தையை அதன்மேல் படுக்கவைத்தேன். சில விஷயங்களைப் பார்த்தும் குறிப்பு எழுதாமல் விடுவது எந்தக் கையேட்டிலும் இல்லை.